வன்னியில் டிசம்பர் லீவுக்கு வீட்டையும் குசினியையும் எப்படி ஆயத்தப்படுத்துவது?

கனடாவில் இருந்து சொந்தக்காரர் மார்கழிக்கு வருகிறார்கள், கிளிநொச்சிப் பக்கம் வீடு, குசினியில் எதை எப்போது செய்து வைப்பது, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கார்த்திகையில் கேட்டிருந்தால் "காலம் போச்சு, கடையில வாங்குங்கோ" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆவணியில் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

நானும் கிளிநொச்சிப் பக்கம்தான், முரசுமோட்டையில். என் அண்ணா குடும்பம் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரொறன்ரோவில் இருந்து வரும். ஐந்து பேர், மூன்று கிழமை. அவர்களுக்கு அது 'வின்ரர் ஹொலிடே'. எங்களுக்கு அது மாரி நடு. வன்னிக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். விறகு, மா, தூள், மெத்தை என்று லீவுக்குத் தேவையானது எல்லாமே வெயில் கேட்கும் சாமான். வெயிலோ புரட்டாதியோடு போய்விடும். ஆகவே மார்கழிக்கான வேலை ஆவணி, புரட்டாதியில்தான். மார்கழியில் செய்ய இருப்பது காவல் வேலை மட்டும்: ஈரம் உள்ளே வராமல் பார்ப்பது.

முதலில் விறகு. "காஸ் இருக்குத்தானே" என்பீர்கள். இருக்கு. 12.5 கிலோ சிலிண்டர் எங்கள் நாலு பேருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். ஒன்பது பேருக்குச் சமைத்து, அதில் பலகாரமும் சுட்டால் எப்ப முடியுமென்று சொல்ல ஏலாது, முடிவதும் கடை பூட்டின நாளாய்ப் பார்த்துத்தான். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தது, அடுத்த வருஷம் காஸே இல்லை. எங்கள் ஒழுங்கையில் விறகடுப்பை இடித்த வீடுகளே திரும்பக் கட்டின. எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்தது. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தந்தார்கள், மிச்சத்தை நாங்கள் போட்டோம். அந்தக் குசினியில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியில் நின்றுதான் கதைக்க வேணும். பின்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டிருக்கிறோம். உண்மையான சமையல் அங்கேதான்.

வீரை, பாலை விறகு கிடைத்தால் நல்லது, நின்று எரியும். கிடைக்காவிட்டால் தென்னம்பாளை, மட்டை, சிரட்டை, பனங்காவோலை. எதுவானாலும் புரட்டாதி வெயிலில் காயவிட்டு, நிலத்தில் அடுக்காமல் இரண்டு கல்லுக்கு மேல் மரம் போட்டு அதன்மேல் அடுக்குங்கோ. ஒன்று கறையான். மற்றது புடையன் பாம்பு. மழை தொடங்கினால் அதுவும் காய்ந்த இடம் தேடித்தான் வரும், அதுக்கு உங்கள் விறகு குவியலை விட வசதியான இடம் இல்லை. விறகு எடுக்கப் போகும்போது தடியால் ஒரு தட்டு, பிறகுதான் கை. வெளிநாட்டுப் பிள்ளைகளை விறகுப் பக்கம் விடவே விடாதையுங்கோ. அவர்கள் செருப்பில்லாமல் ஓடித்திரிவார்கள், அதில் ஒரு சந்தோஷம் அவர்களுக்கு.

அடுத்தது மா. இதில்தான் கனபேர் பிழைவிடுகிறார்கள். அரிசியை ஊறவைத்து இடித்து, அரித்து, வறுக்கும்போது "வாசம் வந்திட்டுது" என்று இறக்கிவிடக் கூடாது. தாச்சியில் மா மணல் மாதிரி ஓட வேணும், அள்ளிக் கோலம் போட்டால் கோடு விட்டுப்போகாமல் விழ வேணும். வறுத்த மாவை ஆறவிடாமல் பேணியில் போட்டு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்க்கும். அந்த வேர்வை போதும், மூன்றாம் கிழமை கட்டி விழுந்து புளிச்ச மணம் வரும். பாயில் பரப்பி முழுதாக ஆறவிட்டு, மறுநாள் போடுங்கோ. பயறும் அப்படித்தான்: வறுத்து, தோல் போக்கி, மாவாக்கி, ஆறவிட்டு. பயத்தம் பணியாரத்துக்கு இந்த மாதான் முக்கால் வேலை. ஒடியல் மாவுக்கு இன்னும் முந்த வேணும், ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு, அது போன பங்குனி வெயிலில் காய்ந்ததாக இருக்க வேணும். இல்லையென்றால் இப்பவே தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கோ. கனடாவில் இருந்து வருபவர்கள் முதல் கிழமையே கூழ் கேட்பார்கள்.

தூளுக்கும் ஆவணிதான் மாதம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. அளவு சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு அது சண்டை. மில்லுக்குக் கொண்டு போகும் முதல்நாள் செத்தலை வெயிலில் போட்டு, கையில் எடுத்தால் கிலுகிலுக்க வேணும். உங்கள் சமையலுக்கு எவ்வளவு தேவையோ அதன் இரண்டு மடங்கு திரியுங்கோ. போகும்போது பெட்டியில் அவர்கள் கொண்டுபோவதற்கும் சேர்த்து. அண்ணி வந்து இறங்கின அன்றைக்கே "மச்சாள், தூள் திரிச்சிட்டீங்களோ?" என்றுதான் கேட்பா, சுகம் விசாரிப்பது பிறகு.

கருவாடும் இப்பவே. மாரியில் முல்லைத்தீவுப் பக்கக் கடல் கொந்தளிப்பு, வள்ளம் இறங்குகிற நாள் குறைவு. மீன் வந்தாலும் விலை கேட்க மனம் வராது. இறால் பரவாயில்லை, நந்திக்கடல் இறால் சந்தைக்கு வரும். சின்ன வெங்காயம் அதிகம் வாங்கி வைக்காதையுங்கோ, தாளோடு பிடிபிடியாய்க் கட்டி அடுப்புக்கு மேல் தூக்கினால் மட்டும் தாங்கும். உப்புப் போத்தலுக்குள் பத்து அரிசி, நெருப்புப் பெட்டி மூடி இறுகின ரின்னுக்குள். கறண்ட் எப்ப போகும் என்று தெரியாது, அரிக்கன் லாம்புக்குத் திரி இருக்கா என்று இப்பவே பாருங்கோ. போன முறை லாம்பு இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, திரி இல்லை. பழைய சேலைக் கரையைக் கிழித்துப் போட்டு, வீடெல்லாம் புகை.

இனி எதை எங்கே வைப்பது என்பது. இதை 2018க்குப் பிறகுதான் படித்தோம். அந்த வருஷம் டிசம்பர் 21 இரவு. பின்னேரம் தொடங்கின மழை விடவேயில்லை. இரணைமடு 36 அடியில் வான் பாயும் குளம், நிரம்பி வந்தால் கதவு திறக்கத்தான் வேணும், திறந்தால் அந்தத் தண்ணி கனகராயன் ஆற்றால் எங்கள் பக்கம்தான் வரும். நடுச்சாமத்தில் நாய் கத்தின சத்தத்துக்கு எழும்பிக் காலை வைத்தால் கணுக்கால் தண்ணி. அண்ணாவின் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், மா ரின் எல்லாம் குசினித் தரையில் வரிசையாய் வைத்தது, வரிசை குலையாமல் சேறுக்குள் நிற்கிறது. தட்டை வடை போட்ட பெரிய பிஸ்கற் ரின் மட்டும் மிதந்துபோய் பின்வேலியில் தட்டுப்பட்டு நின்றது. திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணி போகவில்லை. பள்ளிக்கூட முகாமில் இருந்த சனத்துக்கு அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு அந்த வடைதான்.

அதற்குப் பிறகு எங்கள் குசினியில் இடுப்புக்குக் கீழே சாப்பாட்டுச் சாமான் கிடையாது. சுவரில் பலகைத்தட்டு, கொட்டிலில் பரண். பாஸ்போட், காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள், அது படுக்கிற அறையில் ஆணியில். விருந்தாளிகளின் பாஸ்போட்டையும் வந்த அன்றே வாங்கி அதற்குள் போடுங்கோ. 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் 2ஆம் திகதி கரை தொட்டபோது, தூக்க வேண்டியது அந்தப் பை ஒன்றுதான். வெள்ளம் கிணற்றுக்குள் போனால் இறைத்து, குளோரின் போடாமல் குடிக்காதையுங்கோ. போகாவிட்டாலும் வருபவர்களுக்குக் கொதித்தாறின தண்ணிதான், அவர்கள் வயிறு இப்ப அந்த ஊர் வயிறு.

வளவு துப்புரவு ஒரு நாள் வேலை இல்லை. முட்டை நுளம்பாய்ப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்துச் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு எல்லாம் கவிழ்க்க வேணும். வாளியில் தண்ணியை ஊற்றிவிட்டால் மட்டும் காணாது. உள்பக்கத்தைத் தும்பால் தேய்க்க வேணும், முட்டை ஒட்டிக்கொண்டு இருக்கும், காய்ந்து கிடந்தாலும் பிறகு தண்ணி பட்டால் பொரிக்கும். மெத்தை, தலையணை, நுளம்பு வலை மூன்றையும் புரட்டாதியில் இரண்டு நாள் வெயிலில் போட்டு, கட்டி, உயரத்தில் வையுங்கோ. துவாய் மட்டும் கூடுதலாய் இருக்கட்டும். மார்கழியில் துவாய் காயாது. கொட்டிலில் அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப் போடுவோம், புகை மணம் வரும். அண்ணாவுக்கு அந்த மணம் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

குசினியில் பெரிய சிக்கல் சாமான் இல்லை, சட்டி. அம்மா பிள்ளையார் கதை விரதம் பிடிக்கிறவ. கார்த்திகைப் பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரைக்கும் 21 நாள். சில வருஷம் அது கிறிஸ்மஸ் வரைக்கும் இழுக்கும், அது முடிய அடுத்தாற்போல் திருவெம்பாவை. வருகிறவர்களோ நண்டு, இறால், ஊர்க்கோழி என்று பட்டியலோடு வருகிறார்கள். நாங்கள் செய்தது இது: வீட்டுக்குள் இருக்கிற சின்னக் குசினி முழுக்கச் சைவம், அங்கே மச்சச் சட்டி ஒன்றும் நுழையாது. கொட்டில் மச்சத்துக்கு. அகப்பை, கத்தி, திருவலை கூட வேறு. கொட்டிலில் வெட்டிச் சமைத்த ஆட்கள் குளிக்காமல் உள்குசினிக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். முதலில் எல்லாருக்கும் எரிச்சல். ஆனால் ஒன்பது பேர் வீட்டில் இரண்டு அடுப்படி இருப்பது எவ்வளவு வசதி என்று மூன்றாம் நாள் எல்லாருக்கும் விளங்கிவிடும். உங்கள் வீட்டில் விரதக்காரர் இருந்தால் வருகிறவர்களிடம் போனிலேயே நாளைச் சொல்லிவிடுங்கோ. கூழும் மச்சம்தான், அதை விரதம் முடிந்த பிறகு வையுங்கோ.

பலகாரத்தை எப்ப சுடுவது? நவம்பர் 27, மாவீரர் நாள் கழியும்வரை எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. வன்னியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிறகு, வருகிறவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னம். முறுக்கு, தட்டை வடை முதலில். நமத்துப் போகாமல் இருக்க, எண்ணெய் வடிந்து நன்றாக ஆறினபின் ரின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டிவிடுங்கோ. ஒரே ரின்னில் எல்லாம் போடாமல் சின்ன ரின்களில் பிரித்துப் போட்டால், ஒன்று திறந்து முடியும்வரை மற்றவை தப்பும். பயத்தம் பணியாரம் ஒரு கிழமைக்கு மேல் வைக்க நினைக்காதையுங்கோ, உள்ளே தேங்காய்ப்பூ இருக்கு. அரியதரம் தைப்பொங்கலுக்கு இருக்கட்டும், அதுவரை நிற்பவர்களுக்கு.

கேக் நாங்கள் செய்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கம். கார்த்திகை நடுவிலேயே பிளம்ஸ், கஜு, பூசணித் தோசி எல்லாம் சின்னதாய் வெட்டிப் போத்தலில் ஊறப்போட்டுவிடுவா. ரவையைப் பட்டரில் பிரட்டி வைத்து, தட்டுகளை வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் போறணையில் வைத்து எடுப்பா. தட்டில் பேர் எழுதி ஒட்ட வேணும், ஒரு வருஷம் ஆரோ ஒருவரின் கேக் அக்காவிடம் வந்து, அக்காவின் கேக்கை ஆர் சாப்பிட்டது என்று இன்றுவரை தெரியாது. 24ஆம் திகதி பின்னேரம் எங்களுக்கு ஒரு தட்டு வரும், பொங்கலுக்கு நாங்கள் திருப்பி அனுப்புவோம்.

26ஆம் திகதியை மட்டும் உங்கள் திட்டத்தில் வெறுமையாய் விடுங்கோ. அக்காவின் தாய்வீடு முல்லைத்தீவுக் கரையில். 2004 சுனாமியில் அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. அன்று காலை 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லாரும் எழும்பி நிற்போம். அக்கா வீட்டு அடுப்பு அன்று எரியாது. மத்தியானச் சோறு எங்கள் சைவக் குசினியில் இருந்துதான் போகும். கனடாப் பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லி வையுங்கோ, அன்று பாட்டுப் போட வேண்டாம் என்று.

வருகிறவர்கள் கேட்கிற சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதையுங்கோ. முதல் மூன்று நாள் நண்டு, நாலாம் நாள் வயிறு சரியில்லை, ஐந்தாம் நாள் சோறும் பருப்பும். அந்த நேரம் இராசவள்ளிக் கிழங்கைத் தோண்டி எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கிண்டிக் கொடுங்கோ, பிள்ளைகள் நிறத்துக்காகவே சாப்பிடும். அரிசி இருப்பைப் பார்த்து வையுங்கோ. காலபோக வெள்ளாமை அப்ப வயலில் பச்சையாய் நிற்கும், வீட்டில் இருப்பது போன அறுவடை நெல். ஐந்து பேர் கூட வந்தால் மூட்டை எவ்வளவு கெதியாய் இறங்கும் என்று கணக்குப் பார்க்காமல் நான் ஒரு முறை மார்கழியில் கடை அரிசி வாங்கினேன். வன்னியில் வயலை வைத்துக்கொண்டு கடை அரிசி வாங்கினதை இவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பெயின்ற் பற்றி. 2016இல் நாங்களும் அடித்தோம், கார்த்திகைக் கடைசியில், முன்விறாந்தைக்கு நீலம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் காயவேயில்லை, கொப்புளம் கொப்புளமாய் வந்தது. அண்ணா வந்த அன்று, புது வெள்ளைச் சேட்டோடு "ஆ, வீடு வடிவாய் இருக்கு" என்று அந்தச் சுவரில்தான் சாய்ந்தார். புரட்டாதி முடிவதற்குள் உங்களால் அடிக்க முடிந்தால் அடியுங்கோ. தவறினால் பங்குனி வெயிலுக்கு விடுங்கோ, இப்போதைக்கு ஒட்டறை அடித்துச் சுவரைத் துடைத்தால் காணும்.