சுகிமோட்டோவின் கடல்கள்: கேள்வி பதில்

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ பல ஆண்டுகளாக எடுத்துவரும் ‘கடற்காட்சிகள்’ வரிசை பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, மேலே வானம், கீழே தண்ணீர். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே, இதில் என்ன பார்ப்பது?

தண்ணீரைத்தான். 1980-ல் கரீபியக் கடலில் தொடங்கியவர், அப்புறம் எந்த நாட்டுக் கரைக்குப் போனாலும் தொடுவானத்தை நட்டநடுவில்தான் வைத்தார். படகு, பறவை, கரை, நிறம் எதுவும் கிடையாது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தொடுவானம் கத்தியால் கீறியதுபோல இருக்கும். கீழ் ஓரத்தில் கோணிப்பை நெசவாகத் தெரியும் சிற்றலைகள் மேலே போகப்போக நெருங்கி ஒரே கருப்பாகிவிடும். இன்னொன்றில் மூடுபனி, வானம் எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாது. முதல் தடவை நானும் ஐந்து நிமிடத்தில் புரட்டிவிட்டு மூடினேன். மறுநாள் ஒரே படத்தின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது.

இந்த யோசனை எப்படி வந்தது சார்?

ஆதிமனிதன் கண்ட காட்சியை இன்றைக்கு நாம் அப்படியே காண முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். காடு வயலாகி, வயல் ஊராகிவிட்டது. கடல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதோடு, அவருடைய முதல் நினைவே அட்டாமியிலிருந்து ஓடவாரா போகும் ரயில் ஜன்னலில் தெரிந்த கடல்தானாம். அதே ஓடவாராவில் 2017-ல் எனோவுரா அப்சர்வேட்டரி என்ற கலை வளாகத்தைத் திறந்தார். அங்கே 100 மீட்டர் நீளக் கூடம் ஒன்று, ஆண்டின் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்துக் கடலை நோக்கி நீள்கிறது.

எல்லாமே லாங் எக்ஸ்போஷரா?

இல்லை. லாங் எக்ஸ்போஷர் என்றால் கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுப்பது. அப்படி எடுத்தால் அலை பாலாகக் குழைந்துவிடும். இவர் படங்கள் பலவற்றில் ஒவ்வொரு அலையும் தனித்தனியாக நிற்கிறது. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் என்பதால் அத்தனை நுணுக்கம். நீங்கள் நினைப்பது அவருடைய ‘திரையரங்குகள்’ வரிசையை. அதில்தான் படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்தே வைப்பார். திரை வெறும் வெள்ளை ஒளியாகப் பதியும்.

நானும் இப்படி எடுத்துப் பார்க்கலாமா? என்னிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது.

போதும். ஒரே இடம், ஒரே உயரம், தொடுவானம் நடுவில். மூன்றாம் மாதம் சலிப்புத் தட்டும், விட்டுவிடாதீர்கள். என் மொட்டைமாடியிலிருந்து கிழக்கு வானத்தை ஒரு வருடம் எடுத்தேன். மழைக்கு முந்தின நாள் அடிவானம் ஈயப் பாத்திரம்போல மங்குவதை அந்தச் சலிப்புக்கு அப்புறம்தான் கவனித்தேன்.

யூ2 ராக் இசைக்குழுவின் ஆல்பம் அட்டையில் இருப்பது இவர் படமா?

ஆமாம், 2009 ஆல்பம். 1993-ல் சுவிட்சர்லாந்தின் உட்வில்லில் எடுத்தது. உண்மையில் அது ஏரி.