மாமாவின் வண்டியும் உங்கள் வளையலும்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். வயது 26, எம்.எஸ்சி. சைக்காலஜி, சம்பளம் 24,000. 2024-ல் குகேஷ் செஸ் சாம்பியன் ஆனபோது பேடி அப்டன் அவருக்கு மனப்பயிற்சி தந்ததைப் படித்ததிலிருந்து விளையாட்டு உளவியல்தான் என் வழி என்று முடிவு செய்துவிட்டேன். ஆன்லைனில் ஒரு சர்வதேச டிப்ளமா 1.8 லட்சம், வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். ஆனால் 2022-ல் மாமா டூரிஸ்ட் வண்டி வாங்க என் 5 சவரன் வளையல்களை அடகு வைத்து 1.2 லட்சம் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் அடகைப் புதுப்பித்துத் திருப்பி வைக்கும்போது அவர் கேட்டதற்காகக் கூடுதலாக வாங்கி, இப்போது கடன் 2.6 லட்சம், வட்டி 18 சதவீதம். கோர்ஸில் சேர்ந்து வேலையை விட்டுவிடலாமா?

பதில்: சேமிப்பு பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பிரச்சினை டிப்ளமாவும் இல்லை, திருப்பி வைக்கிற பழக்கம்தான். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அடகுக்கடைக்காரர் "இன்னும் கொஞ்சம் தரலாம்" என்கிறார், மாமா கை நீட்டுகிறார். நகை உங்களுடையது, விலையேற்றம் அவருடையது!

2.6 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் வருடம் 46,800, மாதம் 3,900. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. இதுவரை வட்டியாகப் போனதே ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும், அசல் ஒரு ரூபாயும் குறையவில்லை.

நீங்கள் போக நினைக்கும் தொழிலில் இது இன்னும் வலிக்கும். அங்கே ஆரம்பத்தில் மாதச் சம்பளம் அரிது. வீரருக்கு இத்தனை அமர்வு, முகாமுக்கு இவ்வளவு என்றுதான் காசு வரும், அதுவும் போட்டிக் காலத்தில். அடகுக்கடை வட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ஆகவே வேலையை விடாதீர்கள். அப்டனே தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் உடற்பயிற்சியாளராக இருந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார். உங்கள் பள்ளியிலேயே ஓடுகிற, பந்தடிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். உயரமான இடத்தில் பயிற்சி வேண்டும் என்று ஊட்டிக்கு வரும் வீரர்களும் உண்டு. அவர்களிடம் பழகிப் பாருங்கள்.

அப்புறம் அந்தச் சர்வதேச டிப்ளமா. 'வட்டியில்லாத் தவணை' என்றாலே நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வட்டி பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த டிப்ளமாவை வைத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டவும் முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். சென்னை அருகே மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்குத் துறையே இருக்கிறது. கட்டணத்தை முதலில் அங்கே கேளுங்கள்.

கடனுக்கு வருவோம். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன் கேளுங்கள். 9.5 சதவீதம் கிடைத்தால் மாதம் 9,000 கட்டி ஏறக்குறைய 33 மாதத்தில் முடிக்கலாம். அதில் 5,000 மாமா தர வேண்டும், மீதி 4,000 நீங்கள் இப்போது வட்டிக்குக் கட்டுகிற காசுதான். சீசன் முடியட்டும், நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்குக் கேட்கும் இ-பாஸால் சவாரி இல்லை என்பார் மாமா. இருக்கலாம். அப்படியானால் இரண்டாம் சீசன் முடிகிற அக்டோபர் வரை பொறுங்கள். அதற்குள் பணம் வரவில்லை என்றால், கடன் அடையும் அளவுக்கு மட்டும் நகையை விற்று, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வையுங்கள். சாவியை உங்கள் அம்மாவிடம்கூடக் கொடுக்க வேண்டாம். மாமா அவருக்குத் தம்பியாயிற்றே.