பண்ருட்டிப் பலாப்பழத்தை வெளிநாட்டுக்கு முழுப்பழமாக அனுப்ப முடியுமா? சத்துகளைப் பற்றிப் பெட்டியில் என்ன எழுதலாம்?

அனுப்பலாம். வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் இந்தியப் பலா போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2021 மே மாதம் திரிபுராவிலிருந்துகூட 1.2 டன் லண்டனுக்குப் போனது. ஆனால் கணக்குப் போடும்போது தோலையும் சேர்த்துப் போடுங்கள். பழத்தின் எடையில் சுளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்; மீதி தோல், சடை, நடுத்தண்டு, கொட்டை. விமானக் கட்டணம் கிலோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சுளையைக் கொண்டுசேர்க்க 300 ரூபாய் ஆகிறது. அதனால் சந்தையில் விலைபோகும் பழம் வேறு, ஏற்றுமதிக்கு உதவும் பழம் வேறு.

பண்ருட்டிப் பக்கம் 20 கிலோ பழம் என்றால் பெருமை. வெளிநாட்டு வாங்குபவருக்கு அது தலைவலி. பெட்டியில் அடங்காது, ஒருவர் தூக்க முடியாது, குளிர் உள்ளே போகாது. 6 முதல் 10 கிலோவுக்குள் உள்ளதை எடுங்கள். கூழன் வகை வேண்டவே வேண்டாம், பழுத்ததும் குழைந்துவிடும். வருக்கைதான் தாங்கும். புதிதாகக் கன்று வைப்பவர்கள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 ரகத்தைப் பார்க்கலாம். அது சராசரியாக 12 கிலோ வரும் என்பதால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஆனால் வழக்கமான பருவம் போக ஆண்டுக் கடைசியிலும் ஒரு போகம் காய்க்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை கேரளப் பலாவும் சேர்ந்து குவியும்போது கிடைக்காத விலை அப்போது கிடைக்க வாய்ப்பு உண்டு.

முக்கியமான முடிவு அறுவடை நாள். முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. முற்றாத காய் போய்ச் சேர்ந்தபின் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. அடையாளங்கள்: முள் மழுங்கி, இடைவெளி அகலும், பச்சை வெளுத்து மஞ்சள் சாயும், காம்பை ஒட்டிய கடைசி இலை பழுக்கும், தட்டினால் 'டண்' என்பது போய் 'டொப்' என்று கேட்கும். இவற்றில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு மூன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். வாசனை வந்துவிட்டால் அது உள்ளூர்ச் சந்தைக்கு.

வெட்டும்போது காம்பில் கயிறு கட்டி இறக்க வேண்டும். கீழே விழுந்த பழத்தில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து அடிபட்ட இடம் பழுப்பேறி இளகும். அதற்குள் பெட்டி துபாயில் இருக்கும், குறைசொல்லும் படம் உங்கள் வாட்ஸப்பில் இருக்கும். காம்பு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டி, காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில் சாய்த்து, பால் வடிந்து நிற்கும்வரை விடுங்கள். தோலில் பால் காய்ந்தால் கறுத்துப்போகும். அதைத் துடைக்க மண்ணெண்ணெய் தொடக் கூடாது, வாடை போகாது. பிறகு 100 முதல் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) குளோரின் கலந்த நீரில் கழுவி, மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்த்துங்கள். இந்தக் கடைசி வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முள்ளிடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டிய காம்பு வழியாகவும் நுழையும். பழ ஈ துளையோ காய்த்துளைப்பான் எச்சமோ உள்ள பழத்தை இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒரு புழு கண்ணில் பட்டால் சரக்கு முழுவதும் நிற்கும்.

வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம். இந்த நிலையில் இரண்டு முதல் நான்கு வாரம் தாங்கும். "இன்னும் கொஞ்சம் குளிர வைத்தால் இன்னும் நாள் வரும்" என்று 8 டிகிரிக்கு இறக்கினால் குளிர்க்காயம்: தோல் கறுக்கும், சுளை பழுப்பாகும், வெளியே எடுத்தபின் ஒழுங்காகப் பழுக்காது. குளிர்சாதனக் கன்டெய்னர் இருக்கிற குளிரைக் காக்கும் கருவி. வெயிலில் கிடந்த பழத்தைக் குளிர வைக்க அதற்குத் திறன் போதாது. பலாவின் நடுப்பகுதி குளிர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே குளிர் அறையில் முன்கூட்டியே குளிரவைத்து, ஒரு பழத்தில் வெப்பமானியைக் குத்தி நடுத்தண்டு வரை பார்த்த பிறகே ஏற்றுங்கள். மாம்பழம், வாழைப்பழத்தோடு சேர்த்து ஏற்றாதீர்கள், அவை விடும் எத்திலீன் என்ற பழுக்கவைக்கும் வாயு பட்டு வழியிலேயே பழுத்துவிடும்.

வளைகுடாவுக்குக் கப்பல் ஒத்துவரும். ஐரோப்பாவுக்கு முழுப்பழத்தைக் கப்பலில் அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. செங்கடல் வழி கெட்டு, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பலாவின் ஆயுளைவிடப் பயணம் நீளம். அங்கே விமானம்தான். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு ஒரு பழம், பக்கங்களில் காற்றுத் துளை. மரப்பலகையில் அடுக்கினால் அது 56 டிகிரியில் 30 நிமிடம் வெப்பமூட்டி ஐஎஸ்பிஎம் 15 (மரப் பொதிகளுக்கான சர்வதேசப் பூச்சித் தடுப்பு விதி) முத்திரை இட்டதாக இருக்க வேண்டும்.

காகித வேலை பெரிய மர்மம் இல்லை: ஐஇசி எனும் ஏற்றுமதி இறக்குமதியாளர் எண், அபெடா எனும் வேளாண் ஏற்றுமதி ஆணையத்தில் பதிவு, தாவர சுகாதாரச் சான்றிதழ். ஏஜென்ட்கள் 'ஃபைட்டோ' என்பது இந்தக் கடைசிச் சான்றைத்தான். சென்னையில் மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வாங்கலாம். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் தவிர மற்றப் பழங்களுக்கு இது கட்டாயம். பலாவுக்கு விலக்கு இல்லை. சுங்கக் குறியீடு 0810 90 என்று தொடங்கும். தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துக்கு அங்கே எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. தோப்பில் முந்திரிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து பலாவில் படிந்தாலும் மாட்டும். பண்ருட்டியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் இதைச் சொல்கிறேன்.

பழுக்கவைப்பது வாங்குபவர் பாடு. 25 டிகிரியில் 50 பிபிஎம் எத்திலீன் ஒரு நாள் கொடுத்தால் மூன்று நான்கு நாளில் தயார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கார்பைடு கல் இங்கேயும் தடை.

இனி சத்து. இணையத்தில் பலாவுக்குச் சூட்டியிருக்கும் பட்டங்களைப் பெட்டியில் அச்சடித்தால் வம்பு. 100 கிராம் பழுத்த சுளையில் அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 95 கலோரி, சர்க்கரை 19 கிராம், புரதம் 1.7 கிராம், நார் 1.5 கிராம், பொட்டாசியம் 448 மில்லிகிராம், வைட்டமின் சி 13.7 மில்லிகிராம், பி6 0.33 மில்லிகிராம். ஐரோப்பிய விதிப்படி ஒரு சத்துக்கு இது 'மூலம்' (source) என்று எழுத, ஒருநாளுக்கென்று விதி குறித்திருக்கும் அளவில் 15 சதவீதம் 100 கிராமில் இருக்க வேண்டும். பொட்டாசியம் (தேவை 300), பி6 (தேவை 0.21) இரண்டும் தாராளமாகத் தாண்டும். வைட்டமின் சி தேவையான 12 மில்லிகிராமை மயிரிழையில் தாண்டுகிறது, பழத்துக்குப் பழம் மாறும், ஆய்வகச் சோதனை இல்லாமல் எழுத வேண்டாம். நாருக்கு 3 கிராம் வேண்டும், இந்த அட்டவணைப்படி எட்டவில்லை. 'புரதம் நிறைந்தது' என்பதும் நிற்காது. பிஞ்சை இறைச்சிக்குப் பதிலாக விற்பவர்கள் தருவது இறைச்சியின் நார்நாரான மெல்லும் தன்மை. அதன் புரதம் அல்ல.

நீரிழிவுக்கு நல்லது என்ற பேச்சு பலாக்காய் மாவைப் பற்றியது. ஆந்திராவில் 40 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அரிசி அல்லது கோதுமைக்குப் பதில் தினமும் 30 கிராம் பலாக்காய் மாவை 12 வாரம் கொடுத்தபோது சர்க்கரை அளவு குறைந்தது. 19 கிராம் சர்க்கரை உள்ள பழுத்த சுளைக்கு அதைப் பொருத்துவது தவறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதே பொட்டாசியம் ஆபத்து. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. கொட்டையை அவித்தோ சுட்டோ மட்டுமே தின்ன வேண்டும், பச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வெளிநாட்டில் முதன்முறை வாங்குபவருக்கு இது தெரியாது, ஆகவே பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அதே சீட்டில் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லவும் மறக்காதீர்கள்.