91 ஆக்டேன் போதும்னு சொன்ன வண்டிக்கு 95 இல்ல 98 போட்டா பிக்கப், மைலேஜ் கூடுமா? எந்த கிரேடு போடணும்னு எப்படி முடிவு பண்றது?

கூடாதுங்க. 91-க்குன்னு டிசைன் பண்ண இஞ்சின்ல 98 ஊத்தினாலும் ஓட்டும்போது தெரியிற அளவுக்கு எதுவும் மாறாது, காசுதான் கூட போகும். ஆக்டேன் நம்பர் கூடினா பெட்ரோல்ல பவர் அதிகம்னு நிறைய பேர் நம்புறாங்க, ஆனா அந்த நம்பருக்கும் பவருக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. அமுக்கி சூடாக்கும்போது பெட்ரோல் தானா பத்திக்காம எவ்ளோ தூரம் தாங்கும்னு சொல்ற அளவு அது, அவ்ளோதான். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0-ன்னு வச்சுகிட்டு அதோட ஒப்பிட்டுதான் நம்பர் குடுக்கிறாங்க.

சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேல வந்து காத்தும் பெட்ரோலும் கலந்தத அமுக்கும், பிளக் ஸ்பார்க் அடிக்கும், அங்கருந்து தீ கிளம்பி சீரா பரவும். இஞ்சினுக்கு தேவையானத விட ஆக்டேன் கம்மியா இருந்தா, தீ போய் சேர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல மிச்சம் இருக்கிற கலவை அழுத்தம் தாங்காம மொத்தமா டப்புனு பத்திக்கும். இதுதான் நாக்கிங். வண்டில ஆள் நிறைய ஏத்திகிட்டு மேட்டுல டாப் கியர்லயே ஆக்சிலரேட்டர மிதிக்கும்போது தகர டப்பால சில்லறைய போட்டு குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும், கேட்ட உடனே கியர குறைச்சு மிதிய விட்டுடுங்க, தொடர்ந்து அப்படியே ஓட்டினா பிஸ்டன் தலை அரிச்சுப் போகும், ரிங் உக்கார்ற இடம் உடையும், கேஸ்கட்டும் போகும்.

இப்ப வர்ற வண்டிகள்ல நாக் சென்சார் இருக்கு, அது சத்தத்த பிடிச்ச உடனே ஈசியூ (இஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்க, அதாவது பிளக் ஸ்பார்க் அடிக்கிற நேரத்த, பின்னாடி தள்ளிடும். இஞ்சின் தப்பிக்கும், ஆனா இழுவை குறையும், மைலேஜும் அடி வாங்கும். அதனால 95 கேக்கிற டர்போ இஞ்சினுக்கோ 12:1 மாதிரி கம்ப்ரெஷன் (கலவைய அமுக்குற விகிதம்) அதிகமா இருக்கிற இஞ்சினுக்கோ 91 போட்டு காசு மிச்சம் பண்றது என்னை கேட்டா வேண்டாத வேலை, அங்க மிச்சம் பண்ணது இங்க மைலேஜ்ல போயிடும். சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்த பாதுகாப்பும் கிடையாது.

சரி எது போடணும்? ஓனர் மேனுவல், இல்லன்னா டேங்க் மூடிக்கு உள்பக்கம் இருக்கிற ஸ்டிக்கர். அதுல நம்பர மட்டும் பாக்காம பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. "குறைந்தபட்சம் 95"னா அதுக்கு கீழ போகவே கூடாது. "91 போதும், 95 பரிந்துரை"ன்னு இருந்தா அந்த இஞ்சின் 95-ல டைமிங்க முன்னாடி கொண்டு வந்து கொஞ்சம் கூடுதலா பவர் எடுக்கும், அங்க மட்டும் கூட குடுக்கிற காசுக்கு பலன் இருக்கு.

இன்னொன்னு, இதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. உலகத்துல பல நாடுகள்ல பங்க்ல போட்டிருக்கிறது ஆர்ஓஎன் (RON) நம்பர், நான் மேல சொன்ன 91, 95 எல்லாம் இதுதான். அமெரிக்கா, கனடால போடுறது ஏகேஐ (AKI), அது ஆர்ஓஎன், எம்ஓஎன் (MON, இன்னும் கடுமையான சோதனைல எடுக்கிற ஆக்டேன் நம்பர்) ரெண்டோட சராசரி. அங்க 87-ன்னு இருக்கிறது ஏறக்குறைய இங்க சொல்ற 91 ஆர்ஓஎன், அங்க 91-ன்னா ஏறக்குறைய 95 ஆர்ஓஎன். மேனுவல்ல 91 ஏகேஐன்னு இருக்கிறத பாத்துட்டு பங்க்ல 91 ஆர்ஓஎன் போட்டீங்கன்னா ஒரு கிரேடு கம்மியா ஊத்துறீங்கன்னு அர்த்தம்.

பெட்ரோல்ல கலக்கிற எத்தனாலையும் கவனிங்க. அது ஆக்டேன நல்லாவே ஏத்தும், ஆனா லிட்டருக்கு லிட்டர் பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால ஆக்டேன் கூடியும் மைலேஜ் குறையிறது நடக்கும். ஸ்டிக்கர்ல இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது)-ன்னு மட்டும் இருந்தா அதுக்கு மேல எத்தனால் கலந்தத போடாதீங்க, பழைய வண்டில ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் கெட்டுப்போக வாய்ப்பிருக்கு.

சரியான கிரேடு போட்டும் நாக்கிங் கேட்டா உடனே பெரிய நம்பருக்கு மாறி அத அமுக்கி வைக்காதீங்க ப்ளீஸ். கார்பன் படிஞ்சிருக்கலாம், தப்பான ஹீட் ரேஞ்ச் (சூட்ட வெளிய கடத்துற திறன்) உள்ள பிளக் மாட்டியிருக்கலாம், கூலிங் சரியில்லாம இஞ்சின் சூடு ஏறலாம், முதல்ல மெக்கானிக்க பாக்க சொல்லுங்க.

தெரியாம ஒரு தடவ கம்மி ஆக்டேன் போட்டுட்டீங்கன்னா டேங்க கழட்டி ஊத்த வேண்டியதில்ல. லோடு ஏத்தாம, முழுசா மிதிக்காம நிதானமா ஓட்டுங்க, டேங்க்ல கொஞ்சம் இடம் வந்ததும் பெரிய கிரேட ஊத்தி நிரப்பிடுங்க, ரெண்டும் கலந்தா ஒண்ணும் ஆகாது, பாதி 91 பாதி 95-ன்னா கிட்டத்தட்ட 93 வரும்.