சாதி நாயும் எங்க தோட்டத்து மணியும்

கேள்வி: அண்ணே, எங்க தாமான்ல (குடியிருப்புல) பக்கத்து வீட்டுக்காரர் 2,000 வெள்ளி குடுத்து சாதி நாய்க்குட்டி ஒண்ணு வாங்கினாரு, அல்சேஷன். இப்ப 8 மாசம் ஆகுது. வந்த நாள்லேர்ந்து கேட்டுக்குள்ள சங்கிலியில கெடக்கு, யார் போனாலும் பாயுது. கேட்டா "அதோட ரத்தம் அப்படி"ங்கறாரு. கொணம் பொறப்புலயா, வளர்ப்புலயா? மனுசனுக்கும் இதேதானா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்பறம், மொதல்ல அந்த 'சாதி நாய்'க்கு வர்றேன். கங்காணி ஊர்ல ஆள் சேத்து மலாயாத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஏத்துனப்ப நம்மகூட ஏறி வந்த வார்த்தை அது. 1938ல இந்திய அரசாங்கம் தடை போட்டதும் அப்படி ஆள் வர்றது நின்னுச்சு, சாதி நிக்கல, லயத்து வரிசை வீட்டுல குடியேறி, தாமானுக்கு மாறி, இப்ப நாய் கழுத்துல வந்து நிக்குது. இந்தப் பக்கத்துல இத நான் எத்தனை தடவ எழுதினாலும் என் கோவம் தீரல.

எங்க தோட்டத்துல மணின்னு ஒரு நாட்டு நாய் இருந்துச்சு. அப்ப எல்லார் கையிலயும் கடிகாரம் கெடையாது, விடியாத இருட்டுல பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் கூப்புடற எடத்துக்கு, போறவங்க "மணி என்னா?"ம்பாங்க, உடனே இது வாலாட்டிக்கிட்டு முன்னால வந்து நிக்கும். தோட்டத்துக் கணக்குப்புள்ள கிராணி "மணி ஆச்சு, மணி ஆச்சு"ன்னு கத்துவாரு, அவர் கால சுத்திச் சுத்தி வரும். கோயில்ல பூசாரி மணி அடிக்கறாருன்னு யாரோ சொல்ல, தன்னத்தான் அடிக்கப் போறாங்கன்னு நெனச்ச மாதிரி ஸ்டோருக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிச்சு! எந்த ரத்தத்துலங்க இருக்கு இது? லயத்துப் புள்ளைங்க கையால சோறு தின்னு, அதுங்க பேச்சக் கேட்டே வளந்த நாய், மனுசன் வாய்லேர்ந்து வர்ற ஒவ்வொரு சத்தத்தையும் காது குடுத்துக் கேட்டுச்சு, அவ்ளோதான்.

பொறப்பு ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க்ல 1959லேர்ந்து பெல்யாயேவ்னு ஒரு விஞ்ஞானி வெள்ளி நரிங்கள வளத்தாரு, பழக்கவே இல்ல, ஒவ்வொரு தலைமுறையிலயும் சாதுவா இருக்கறத மட்டும் பொறுக்கி எடுத்து குட்டி போட விட்டாரு. 10வது தலைமுறையில 100 குட்டிக்கு 18, மனுசனப் பாத்தா நாய் மாதிரி கொஞ்சிக்கிட்டு ஓடியாந்துச்சு. சிலதுக்கு வாலும் நாய் வாலாட்டம் சுருண்டுச்சு. ஆக பொறப்பு நெசம்தான். ஆனா 1961ல அமெரிக்காவுல ஒரு சோதனை வெளிவந்துச்சு, நாய்க்குட்டிங்கள 14 வாரம் மனுச வாடையே படாம வளத்துப் பாத்தாங்க, அதுங்க காட்டு மிருகம் மாதிரி ஆகிருச்சு. 3லேர்ந்து 12 வாரம் வரைக்கும்தான் நாய்க்கு ஒலகத்தப் பழகிக்கற காலம். 2022ல 18,000 நாய்க்கு மேல கணக்கு எடுத்ததுல ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் கொணத்துல இருக்கற வித்தியாசத்துல இனத்தால வர்றது 9 சதவீதம்தான். உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்ற ரத்தம் அவ்ளோதான் பேசும், மிச்சத்துல அவரோட சங்கிலிக்கும் பங்கு இருக்கு.

மனுசனுக்கு வர்றேன். "தோட்டத்துப் பசங்களுக்கு ரௌடித்தனம் ரத்தத்துலயே ஊறுனது, நாய் வால நிமித்த முடியாது"ன்னு ஒரு கூட்டத்துல பெரிய மனுசர் ஒருத்தர் மைக்க புடிச்சுப் பேசினாரு, அன்னிக்கே எந்திரிச்சு சண்டை போட்டேன், இன்னும் விடல. தோட்டத்த வித்தாங்க, லயம் போச்சு, திடல் போச்சு, சாயங்காலம் பந்து வெளையாடின பையன் ஃப்ளாட் படிக்கட்டுல உக்காந்தான், அப்பனும் ஆத்தாளும் ஷிப்ட்டு வேலைக்கு ஓடினாங்க, அந்தப் படிக்கட்டுல அவன்கிட்ட மொதல்ல வந்து பேச்சுக் குடுத்தது யாரு? சாரா, சாமியாரா? கேங்க்காரன். இதுல ரத்தம் எங்கருந்து வந்துச்சு?

அந்த நாய்க்கு 12 வாரம் தாண்டிருச்சுதான், ஆனா 8 மாசந்தான, இன்னும் பழக்கலாம், கொஞ்சம் பொறுமை வேணும். அவர்கிட்ட மொள்ள பேசுங்க, காலையில ஆள் நடமாட்டம் இல்லாதப்ப கையில புடிச்சுக்கிட்டு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லுங்க, அடிக்க வேணாம், கத்த வேணாம். நீங்களும் தெனம் அந்தப் பக்கம் போறப்ப எட்டி நின்னு அது பேரச் சொல்லிக் கூப்புட்டு ஒரு பிஸ்கட்ட வீசுங்க. ஆமா, அதுக்கு என்னா பேரு வெச்சிருக்காங்கன்னே நீங்க எழுதலயே தம்பி?