எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் சிகரெட்டை நிறுத்த மொபைல் செயலி உதவுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

உதவும். ஆனால் செயலி மட்டும் போதாது, மருந்தும் கூடவே வேண்டும். நானும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) மாத்திரை எடுப்பவன், நெடுநாள் புகைத்து நிறுத்தியவன்.

"கிருமியே உடம்பில் இருக்கிறது, இதற்கு மேல் சிகரெட் என்ன செய்துவிடும்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2013ல் வெளியான டென்மார்க் ஆய்வு வேறு கணக்கைச் சொல்கிறது. அங்கே எச்.ஐ.வி. உள்ள 35 வயதுக்காரருக்கு அந்தக் கிருமியால் குறையும் ஆயுள் சுமார் 5 ஆண்டு. புகையால் குறைவது 12 ஆண்டு!

நமக்கென்றே 'பாசிட்டிவ்லி ஸ்மோக் ஃப்ரீ' என்ற திட்டம் நியூயார்க்கில் உருவாகி, பிறகு மொபைலுக்கும் வந்தது. அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, பொதுவான செயலியே போதும். 'ஐகேன்க்விட்', 'க்விட்கைட்' இரண்டையும் 2,400 பேருக்கு மேல் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2020ல் வந்தது. ஓராண்டு கழித்து முதலாவதில் 28 சதவீதம் பேரும் இரண்டாவதில் 21 சதவீதம் பேரும் புகைக்காமல் இருந்தார்கள். புகைக்கத் தூண்டும் சூழலைத் தவிர்க்கச் சொல்வது க்விட்கைட். ஆசை வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், வந்து போகட்டும் என்று விடப் பழக்குவது ஐகேன்க்விட். எனக்கும் இதுதான் ஒத்துவந்தது. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை கைக்கும் மனதுக்கும் ஒரு வேலை கொடுப்பதுதான் செயலியின் உண்மையான பயன்.

இன்னொரு விஷயம், நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியம்: ரகசியம். ஓரினச் சேர்க்கையாளர்கள் துணை தேடும் 'கிரைண்டர்' செயலி, தன் பயனர்களின் எச்.ஐ.வி. விவரத்தை இரண்டு வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது 2018ல் அம்பலமானது. மனச்சோர்வுக்கும் புகை நிறுத்தத்துக்குமான 36 செயலிகளை ஆராய்ந்த 2019 ஆய்வில், 29 செயலிகள் கூகுளுக்கோ ஃபேஸ்புக்குக்கோ தகவல் அனுப்பின. அதனால் எந்தச் செயலியிலும் உங்கள் எச்.ஐ.வி. நிலையை எழுதாதீர்கள். சொந்தப் பெயரும் வேண்டாம். பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷன் தெரியாதபடி மாற்றிவிடுங்கள், பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாது. நினைவூட்டலை மாத்திரை நேரத்தோடு சேர்த்து வைத்தால் செயலியின் அன்றைய பாடம் தவறாது.

அப்புறம் மருந்து. நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம், புகையை நிறுத்த உதவும் வரெனிக்ளின் மாத்திரை ஆகியவை ஏ.ஆர்.டி.யோடு பெரிதாக மோதுவதில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் வரெனிக்ளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். புகையை நிறுத்தத் தரும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியான் என்றால் கவனம். எஃபாவிரென்ஸ், ரிட்டோனாவிர் ஆகிய ஏ.ஆர்.டி. மருந்துகளை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் புப்ரோப்பியானின் அளவு குறையலாம். எதுவானாலும் உங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

ஒருமுறை வழுக்கினால் நாள் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த வெறுப்பிலேயே அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கத் தோன்றும். வழுக்கியதைக் குறித்துக்கொண்டு, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் நடந்தது என்று கேட்கும் செயலியாகப் பார்த்து எடுங்கள்.