ஆறு பேருக்கு ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி

கேள்வி: குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. சாலையிலிருந்து வீடு வரை செங்குத்தான மண் ஏற்றம். மழை பிடித்துவிட்டால் எங்கள் சிறிய கார் கீழேயே நின்றுவிடுகிறது. இரண்டு பிள்ளைகள், மூன்றாவது குழந்தை மார்கழியில் பிறக்கும். வயதான மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பத்து லட்சத்துக்குள் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க நினைக்கிறோம். கணவருக்கு மஹிந்திரா தார் மீது ஆசை. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கார்பியோவும் விலைக்கு வந்திருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: அன்புச் சகோதரி, தாரை விட்டுவிடுங்கள். மூன்று கதவுத் தாரில் பின்னால் ஏற முன்னிருக்கையை மடக்க வேண்டும். கைக்குழந்தையோடு நீங்களும், உங்கள் மாமியாரும் கொட்டும் மழையில் அப்படி ஏறி இறங்குவதை உங்கள் கணவர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். நல்ல வண்டிதான், ஆனால் நீங்கள் ஆறு பேர்.

ஸ்கார்பியோவைப் பார்க்கப் போனால் முதலில் பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசை முன்நோக்கியும் வரும், எதிரெதிர் பெஞ்சாகவும் வரும். பெஞ்ச் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பக்கவாட்டில் உட்காரும் பிள்ளையை மோதலின்போது எதுவும் சரியாகப் பிடித்து நிறுத்தாது. பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், கைக்குழந்தைக்கான தனி இருக்கைக்கு இந்தப் பத்து லட்சத்திலேயே பணம் ஒதுக்குங்கள். மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது, அது உண்மையிலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டிதானா? ஸ்கார்பியோக்களில் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை. 'ஃபோர் வீல் டிரைவ்' ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். குனிந்து பாருங்கள்: முன்சக்கரங்களுக்கு நடுவே, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலும், அதற்கு விசையைக் கொண்டுவரும் நீண்ட சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டும் இருக்க வேண்டும். உள்ளே 'ஃபோர் லோ' நிலையும், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் லோ கியரும், இருக்க வேண்டும். மஹிந்திராவின் எக்ஸ்யூவி 500இன் நாற்சக்கர இழுவை வகையில் இந்த லோ கியர் கிடையாது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். நனைந்த செம்மண்ணில் பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கும்; லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டுக்கணக்கில் ஃபோர் வீலைப் போட்டே பார்க்காத உரிமையாளர்கள் பலர். அதனால் போட்டு ஓட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மண்பாதையில்தான் ஓட்ட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். கியர் தானாகக் கழன்றாலோ அரைக்கும் சத்தம் வந்தாலோ செலவு பெரிது. நான்கு டயரும் ஒரே அளவிலும், ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்கட்டும். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2018இல் கேரளத்திலும், 2021 நவம்பரில் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெள்ளம் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் அங்கே சேறு தங்கியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், இருக்கை போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து லிஃப்டில் ஏற்றி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேரளப் பதிவு வண்டிக்கு அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் சாலை வரி கட்டி மறுபதிவும் செய்ய வேண்டும். அந்த வரியைச் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். கடன் பாக்கி இருந்தால், அது ஆர்.சி.யிலிருந்து நீங்கும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்த ஏற்றம் உங்கள் பட்டா நிலத்தில் இருக்கிறதா? அப்படியென்றால், சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் சொரசொரப்பாகக் கான்கிரீட் போட என்ன ஆகும் என்று ஒரு கொத்தனாரை அழைத்துக் கேளுங்கள். அந்தத் தொகை கட்டுப்படியானால், மூன்று வரிசையும் முன்நோக்கியிருக்கும் எர்டிகா போன்ற சாதாரண ஏழு இருக்கை வண்டியே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். விலை பேசும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.